ஃபோர்ட் கொச்சியில் ஏழு நாள்: எது தேறியது, எது தேறவில்லை

கேரளச் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டுத் தரும் முகவர்கள் பெரும்பாலும் கொச்சிக்கு ஒதுக்குவது ஒரு பகலும் ஓர் இரவும்தான். காலையில் சீன வலை, முற்பகலில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயம், மதியத்தில் யூதர் தெரு, மாலையில் கதகளி, மறுநாள் விடிந்ததும் மூணாறுக்கோ ஆலப்புழைக்கோ வண்டி. இந்த வரிசையில் நானே இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். இரண்டு முறையும் பழைய ஊர் ஒன்றின் வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிய உணர்வுதான் மிஞ்சியது. அந்தக் குறை தீர, 2025 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் போய் இறங்கி, அடுத்த வெள்ளிக்கிழமை காலைவரை வேறெங்கும் நகராமல் அங்கேயே தங்கினேன். பார்க்க வேண்டிய கட்டடங்களை மட்டும் கணக்கெடுத்தால் கொச்சி ஏழு நாளைத் தாங்காது, மூன்று நாளே தாராளம். ஆனால் அந்தத் துறைமுகம் பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து இறக்கிய மனிதர்கள் இன்னும் எப்படி அருகருகே வாழ்கிறார்கள் என்பதைப் பார்க்க ஏழு நாளும் போதவில்லை.

கொச்சி என்று பொதுவாகச் சொன்னாலும், ரயில் நம்மை இறக்கிவிடும் எர்ணாகுளம் வேறு, பழைய துறைமுக ஊர் வேறு. பழைய ஊரின் கடலோர முனை ஃபோர்ட் கொச்சி. அதை ஒட்டி உட்புறமாக, மிளகும் இஞ்சியும் மஞ்சளும் கைமாறிய வணிகப் பகுதி மட்டாஞ்சேரி. இரண்டுக்கும் நடுவே நடந்தால் அரை மணி நேரம். சங்ககாலத் துறைமுகமான முசிறி இருந்த பெரியாற்று முகத்துவாரம் 1341ஆம் ஆண்டு வெள்ளத்தில் மணல் மேடிட்டுப்போக, அதே வெள்ளம் தெற்கே கொச்சியில் கடலுக்கு வழி திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அகநானூற்றுப் புலவர் பாடிய, பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களின் வாரிசுகள் அதன் பிறகு இங்கேதான் நங்கூரம் போட்டன. 1503இல் போர்ச்சுகீசியர் இங்கே கோட்டை கட்டினர். 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துச் சிறிதாக்கினர். 1795இல் வந்த ஆங்கிலேயர் சில ஆண்டுகளில் அதையும் இடித்துத் தள்ளினர். ஆகவே ஃபோர்ட் கொச்சியில் கோட்டையைத் தேடிப்போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கடற்கரை நடைபாதையின் ஓரத்தில் கிடக்கும் சில கற்களும் மதில் துண்டுகளும்தான் மிச்சம்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் போட்டிருந்த படத்தையும் ‘கடலைப் பார்த்த அறை’ என்ற வரியையும் நம்பி ஒரு ஹோம்ஸ்டேயில் இரவுக்கு 2,500 ரூபாய் என்று ஏழு இரவுக்கும் முன்பணம் கட்டிவிட்டேன். அறையிலிருந்து தெரிந்தது பக்கத்து வீட்டின் சுவர். கடலைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா காலையில் வைத்த ஆப்பமும் ஸ்டூவும், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த புட்டும் கடலையும் அந்தக் கோபத்தைப் பாதி தணித்தன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். கொசுவைப் பற்றி மட்டும் சமாதானம் கிடையாது. யானைக்கால் நோயை ஐரோப்பியர் ‘கொச்சிக் கால்’ என்று அழைத்த ஊர் இது. நோய் இன்று பெரும்பாலும் ஒழிந்திருக்கலாம், கொசு ஒழியவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறார்களா, குளியலறையில் நல்ல தண்ணீர் வருகிறதா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இங்கே அறை எடுக்கக் கூடாது. முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பணம் கட்டி, நேரில் பார்த்த பிறகு மீதியைத் தீர்மானிப்பதுதான் விவேகம்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது இரண்டாவது தவறு. மட்டாஞ்சேரி அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்கு அடுத்தாற்போல் இருக்கும், யூதர்களின் தொழுகையிடமான பரதேசி யூதப் பள்ளி வெள்ளி பிற்பகலிலிருந்து சனிக்கிழமை முழுவதும் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. எனக்கோ அந்த இரண்டு நாளும் படகில் கழிந்தன. இப்போது யோசித்தால், இந்தப் பயணத்தில் நடந்த நல்ல காரியமே அதுதான்.

கொச்சிக்கு வருகிறவர்களில் பலர் காரில் பாலங்கள் வழியாக ஃபோர்ட் கொச்சிக்கு வந்துவிட்டு, அதே வழியில் நெரிசலில் திரும்புகிறார்கள். எர்ணாகுளம் படகுத்துறையில் மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகில் ஏறினால் அதே இடத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். கட்டணம் ஒரு டீக்காசுகூட இல்லை. அந்த இருபது நிமிடத்தில் இந்தத் துறைமுகத்தின் மொத்தக் கதையும் இரண்டு பக்கமும் விரிகிறது. ஒரு பக்கம் வில்லிங்டன் தீவு: ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் முகத்துவாரத்தில் குறுக்கே கிடந்த மணல் திட்டை வெட்டி, கப்பல் வரும் கால்வாயைத் தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கொட்டியே உருவாக்கிய செயற்கைத் தீவு. மறுபக்கம் 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய போல்காட்டி அரண்மனை, அதைத் தாண்டி வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்தின் பாரந்தூக்கிகள். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகள் ஏன் பாதி பூட்டிக்கிடக்கின்றன என்று கேட்பவர்களுக்கு, 2011 முதல் இயங்கும் அந்த முனையத்தைப் படகிலிருந்து ஒருமுறை காட்டினால் போதும். கிடங்கு வாசலில் தோணியை நிறுத்தி மூட்டை ஏற்றிய காலம் அந்தப் பெட்டகங்களுக்குள் அடங்கிவிட்டது.

அதே நீரில் இப்போது கொச்சி வாட்டர் மெட்ரோவும் ஓடுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கி, மறு ஆண்டு ஃபோர்ட் கொச்சிவரை நீண்ட இந்தச் சேவையின் மின்கலப் படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டப்பட்டவை. குளிரூட்டிய அறை, அகலமான கண்ணாடி ஜன்னல், சத்தமில்லாத ஓட்டம், நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளத்துக்குச் சமமாகவே நிற்கும் மிதவை மேடை. சக்கர நாற்காலியில் வருகிறவர் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏற முடிகிற படகுத்துறையை நம் நாட்டில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஐகோர்ட் முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 40 ரூபாய். குறை என்று சொன்னால், தலையை எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரிசை நீண்டுவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். அந்த எண்ணிக்கைக் கண்டிப்பைக் குறையாகச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை, ஆனால் குழந்தைகளோடு போகிறவர்கள் ஞாயிறு மாலையைத் தவிர்ப்பது நல்லது. வசதிக்கு வாட்டர் மெட்ரோ; ஊரைப் பார்க்கப் பழைய படகு. பழைய படகில் மீன் கூடைக்காரரும் பள்ளிப்பிள்ளைகளும் கன்னியாஸ்திரீகளும் ஒரே பலகையில் உட்கார்ந்து போகிறார்கள், காற்றும் உப்பும் முகத்தில் அடிக்கிறது.

இவற்றோடு, முகத்துவாரத்தின் குறுக்கே ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே லாரியையும் காரையும் ஏற்றிக்கொண்டு போகும் ‘ரோரோ’ படகும் உண்டு. அக்கரை சேரச் சில நிமிடங்களே ஆகும். வேலை ஒன்றும் இல்லாத மாலைகளில் நான் அதில் அக்கரைக்குப் போய், ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே வரும் கப்பல் நமக்கு முன்னால் மலை நகர்வதுபோல் கடந்து போகும்வரை படகு காத்திருக்கும். காசு கொடுத்துப் போகும் மாலைநேர உல்லாசப் படகுகளில் ஒன்றிலும் ஏறிப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு காதைக் கிழித்தது. ரோரோவே மேல்.

சீன வலைகளைப் பற்றி என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. வாசலில் ஒரு யானையை நிறுத்தி வைத்தாற்போல் ஊரின் முகப்பாக அவற்றை நிறுத்தியிருக்கிறார்கள். தேக்கும் மூங்கிலும் கொண்டு கட்டிய பெரிய நெம்புகோல், மறுமுனையில் கயிற்றில் கோத்த கற்கள், அந்தக் கற்களின் எடைக்கு எதிராக வலையைத் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் நான்கைந்து ஆட்கள் என, அந்தப் பொறியமைப்பு அழகானது என்பதில் சந்தேகமில்லை. அது குப்லாய் கான் காலத்துச் சீன வணிகரோடு வந்ததா, மக்காவ் வழியாகப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் இன்று வலை ஏறும்போது அதில் மீனைவிட ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் உறையும்தான் அதிகம் வருகின்றன. வருமானத்தின் ஒரு பகுதி, கயிறு பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வரும் பயணிகள் கொடுக்கும் பணத்திலிருந்தே வருகிறது. பக்கத்துத் தட்டுக்கடைகளில் மீனை வாங்கி அங்கேயே பொரித்துத் தின்பது பெரிய அனுபவம் என்று எழுதுகிறார்கள். நான் வாங்கிய மீன் அன்று காலையில் பிடித்ததல்ல என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. எடைக்கும் விலைக்கும் நடந்த வாக்குவாதத்தைச் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. வலைகளைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில், நீர் ஏறும் நேரத்தில், பயணிகள் வருவதற்கு முன்னால் போய்ப் பத்து நிமிடம் பேசாமல் நிற்பது போதும்.

புனித பிரான்சிஸ் தேவாலயம் இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் தேவாலயமாகக் கருதப்படுவது. 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டதால் இப்போது இருப்பது வெறும் கல். அந்தக் கல்லைச் சுற்றித்தான் கூட்டம். அதைவிட எனக்குப் பிடித்தது, வெளியே நிற்கும் ஆள் கயிற்றை இழுத்து ஆட்டிக்கொண்டிருந்த பழைய துணி விசிறிகள் உத்தரத்திலிருந்து இன்னும் தொங்குவது. சான்டா குரூஸ் பெருங்கோயிலை அரை மணியில் முடித்துவிடலாம்.

ஞாயிறு காலையில் ஒருவழியாக மட்டாஞ்சேரி அரண்மனைக்குள் நுழைந்தேன். ‘டச்சு அரண்மனை’ என்று ஊரெல்லாம் சொன்னாலும், 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் செய்தது பழுதுபார்ப்பு மட்டுமே, பெயரை அவர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஓடு வேய்ந்த பெரிய வீடு, அவ்வளவுதான். தஞ்சாவூரையும் மைசூரையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முகம் சுளிப்பது தெரிந்தது. நடுமுற்றத்தில் பகவதி கோயில், நாற்புறமும் நாலுகெட்டு. உள்ளே பள்ளியறையின் சுவர்களில், தசரதனின் வேள்வியில் தொடங்கி இராமன் அயோத்தி திரும்புவதுவரை இராமாயணம் முழுவதும் ஒரு காட்சி முடியாமல் அடுத்த காட்சி தொடங்கும்படி நெருக்கமாக ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மேலோங்கிய அந்தச் சுவரில் விரலளவு இடமும் வெறுமையாக இல்லை. மரத்தின் ஒவ்வோர் இலைக்கும் தனி விளிம்பு, ஒவ்வொரு குரங்கின் முகத்துக்கும் தனிக் குணம். நம் ஊர்ச் சோழர், நாயக்கர் ஓவியங்களில் பழகிய கண்ணுக்கு, உருண்டு திரண்ட இந்த உடல்களும் கண்களும் முதலில் மிகையாகப் படும். கதகளி வேடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வந்து நின்றால், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது புரிந்துவிடும். கீழறையில் கோவர்த்தன மலையைத் தூக்கிய கிருஷ்ணனை நான்கு பேர்கூடப் பார்க்காமல் கடந்து போனார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. செவ்வாய்க்கிழமை இரண்டாம் முறை போனபோது அறையில் நானும் காவலரும் மட்டும் இருந்தோம். நுழைவுக் கட்டணம் மிகச் சொற்பம், ஆகவே இரண்டு முறை போகத் தயங்க வேண்டாம். விளக்கொளி போதாது, சுவரருகே வைத்திருக்கும் குறிப்புப் பலகைகள் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. இந்த இரண்டும் உண்மையான குறைகள்.

அரண்மனையை அடுத்திருக்கும் பரதேசி யூதப் பள்ளி 1568இல் எழுந்தது. சீனத்துக் கான்டனிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த நீல வெள்ளைத் தரையோடுகள் கையால் தீட்டப்பட்டவை, ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது என்பார்கள். நான் குனிந்து ஒப்பிட்டுப் பார்த்தவரை அது சரிதான். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள், வெளியே 1760இல் கட்டிய மணிக்கூண்டு. தொழுகைக்கு ஆள் திரளாத அளவுக்குச் சமூகம் சுருங்கிவிட்டது. இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலானோர் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிட்டனர். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் இப்போது பழம்பொருள் கடைகளும் காஷ்மீர் சால்வைக் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. தெருவில் ‘சும்மா பாருங்க சார்’ என்று கூப்பிடாத வாசல் இல்லை. என்னை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் கேட்காமலேயே ஒரு மசாலாக் கடை முன் நிறுத்தினார். கடைக்காரர் அவருக்குத் தரும் பங்கும் என் மிளகு விலையில் சேரும் என்பது தெரிந்திருந்தும் கால் கிலோ வாங்கினேன். மறுநாள் கிடங்குத் தெருவில் அதைவிடக் காரமான மிளகு அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஏலக்காயும் கிராம்பும் வாங்குகிறவர்கள் பஜார் ரோட்டில் மூட்டை பிரித்து வைத்திருக்கும் மொத்த வணிகரிடம் போய்க் கேளுங்கள், சில்லறைக்கும் கொடுக்கிறார்கள்.

ஏழு நாள் தங்கியதற்கு நியாயம் கிடைத்த இடம் வேலி என்ற பகுதியில் இருக்கும் தோபி கானா. டச்சுக்காரர் தம் படையினரின் துணிகளை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய வண்ணார் குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். தனித்தனித் தொட்டியும் கல்லுமாகப் பிரித்த துவைக்கும் இடம், அதற்குப் பின்னால் வெள்ளைத் துணி காயும் பெரிய திடல், முன்னால் தேய்க்கும் கூடம். உலர்த்தும் கொடிக்குக் கவ்வி கிடையாது: இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், முறுக்கைச் சற்று விலக்கித் துணியின் நுனியைச் செருகினால் கடற்காற்றுக்கும் அசையாது. கஞ்சி போட்டு, கனமான பெட்டியால் தேய்த்து அடுக்கிய வேட்டியின் விளிம்பில் விரலை வெட்டிக்கொள்ளலாம். நான் தமிழில் பேசியதும் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, ‘எந்த ஊரு தம்பி?’ என்றார். இடையிடையே மலையாளம் கலந்த, ஆனால் மலையாளமாகிவிடாத தமிழ். தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது அவருக்குத் தெரியவில்லை. குலதெய்வத்துக்குச் செய்யும் பொங்கல் எந்த மாதம் என்பது தெரிந்திருந்தது. சட்டையும் வேட்டியும் வெளுக்கக் கொடுத்தேன், மூன்றாம் நாள் மாலை என்றார். உள்ளே போய்ப் பார்க்கக் கட்டணம் இல்லை. வேலை நடக்கும் இடம் என்பதை மறந்து முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் பயணிகளை அவர்கள் பொறுத்துக்கொள்வது அவர்களின் பெருந்தன்மை.

இதே பார்வையோடு மட்டாஞ்சேரியில் நடந்தால் ஒவ்வொரு தெருத் திருப்பத்திலும் ஊர் மாறுகிறது. குஜராத்தித் தெருவில் சமணக் கோயில், அங்கே நண்பகலில் தானியத்துக்குத் திரளும் புறாக்கள். சற்றுத் தள்ளிக் கொங்கணிகளின் திருமலை தேவஸ்தானம். அப்பால், குஜராத்தின் கட்ச் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட கச்சி மேமன்களின் பள்ளிவாசல். யாரும் யாருக்காகவும் தம்மை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை, ஒதுங்கியும் போகவில்லை. சாப்பாடும் அப்படியே. 1948இல் தொடங்கிய காயீஸ் கடையில் மட்டன் பிரியாணியின் அரிசி சிறியது, மசாலா அடக்கமானது, நெய் மணம் முன்னால் வருகிறது. நம் ஆம்பூர், திண்டுக்கல் காரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதல் கவளத்தில் ஏமாந்து, மூன்றாவது கவளத்தில் சமாதானமாகிவிடுவார்கள். பிற்பகலில் தீர்ந்துவிடும், நேரத்தோடு போக வேண்டும். ஃபோர்ட் கொச்சியின் கஃபேக்களில் சுவர் ஓவியம் நன்றாக இருந்தது, சாப்பாட்டுக்கு அந்த விலை அதிகம். படகுத்துறைக்கு எதிரே பெயர்ப்பலகைகூட இல்லாத கடையில் மத்திக் குழம்போடு கிடைத்த ஊணுக்கு நான்கு முறை போனேன்.

கதகளிக்குப் போகிறவர்கள் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போகாமல், வேடம் போடத் தொடங்கும் நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். தரையில் மல்லாந்து படுத்த நடிகரின் தாடையைச் சுற்றிச் சுட்டி என்ற வெள்ளை விளிம்பை ஒட்டுவதும், கண்ணைச் சிவக்க வைக்கச் சுண்டைப் பூவின் விதையை இமைக்குள் இடுவதும் நம் கண்ணெதிரே நடக்கின்றன. அதன் பிறகு வரும் ஆட்டம் பயணிகளுக்காகச் சுருக்கியது. ஒரு மணி நேரத்தில் ஒரு காட்சி. விடிய விடியக் கோயிலில் ஆடும் கதகளியின் சாயல் மட்டுமே இது. இருந்தாலும் ஒருவர் மேடையில் நின்று ஒவ்வொரு முத்திரையாக விளக்கிய கால் மணி நேரம் கொடுத்த பணத்துக்குத் தகும்.

புதன்கிழமை முசிறியைத் தேடி வைப்பின் தீவின் நெடுகப் பேருந்தில் போனேன். பழைய முசிறியாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும், மணிகளும், மிளகும், மரத்தோணி ஒன்றும் கிடைத்தன என்பதைப் படித்துவிட்டுப் போனால் மனம் பெரிதாக எதையோ எதிர்பார்க்கும். அங்கே தென்னந்தோப்பும் வீடுகளும்தான், குழிகளை மூடிவிட்டார்கள். பரவூரில் அருங்காட்சியகமாக்கியிருக்கும் யூதப் பள்ளி அந்த நாளைக் காப்பாற்றியது. தொல்லியலில் தனி ஈடுபாடு இல்லாதவர்கள் இந்த ஒரு நாளை மட்டாஞ்சேரிக்கே கொடுத்துவிடலாம். 2012 டிசம்பரில் தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பியனாலே கலைக் கண்காட்சி நடக்கும் பருவத்தில் வந்தால் ஆஸ்பின்வால் மாளிகையும் பூட்டிய கிடங்குகளும் திறந்திருக்கும்; நான் போனது இடைப்பட்ட ஆண்டு, வெளிக்கதவோடு திரும்பினேன்.

மறுபடி போனால் சனிக்கிழமை மாலை வந்து சேர்வேன். ஞாயிறு அதிகாலையில் வலைகள், அரண்மனை திறந்ததும் பள்ளியறை, திங்களன்று யூதப் பள்ளி, அதற்குப் பிறகு கிழமை பார்க்காமல் படகும் கிடங்குத் தெருக்களும் என்று வைத்துக்கொள்வேன். கொச்சி அரசரின் பழைய மாளிகையான திரிப்பூணித்துறை ஹில் பேலஸையும் பார்ப்பதானால், அதற்குத் திங்கள் விடுமுறை என்பதால் செவ்வாய்க்கு வைத்துக்கொள்ள வேண்டும். வெளுக்கக் கொடுப்பதானால் வந்த மறுநாளே கொடுத்துவிடுங்கள்: நான் திங்களன்று கொடுத்த துணி, இடையில் ஒருநாள் வானம் மூடியதால், வியாழன் இரவில்தான் கைக்கு வந்தது.